நாலாம் பாடம்

பஞ்சநாதன் சாருக்கு இருந்தது ஒரே குரல். ஐம்பத்து நாலு அக்டோபர் வரைக்கும் அந்தக் குரலில் அவர் பிரெஞ்சுக் குடியரசின் மேன்மையைச் சொல்லிக்கொடுத்தார். நவம்பரில் புதுச்சேரியில் கொடி மாறியது. அடுத்த வாரமே அதே கறுப்புக் கோட்டில், வலது கையை நெஞ்சில் அதே இடத்தில் வைத்துக்கொண்டு, இந்தியக் குடியரசின் மேன்மையை ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புத்தகம் மட்டும் புதிது. சென்னைப் பக்கமிருந்து 'குடிமைப் பயிற்சி' என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளைவிடப் பிரதிகள் இருநூறு அதிகம். மிச்சத்தை அறிவியல் சோதனைக் கூடத்தில் அடுக்கி, அதன்மேல் உலக உருண்டையை வைத்தார்கள்.

புத்தகத்தில் பன்னிரண்டு பாடம். குப்பையைத் தொட்டியில் போடுவது முதல் பாடம். வாக்குரிமை நாலாம் பாடம். இந்தப் பன்னிரண்டையும் ஒரு எழுத்து விடாமல் நம்பிய ஜீவன் புதுச்சேரியில் ஒன்றே ஒன்றுதான். அதை அச்சடித்தவர்களும் அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள். வடக்கே கடலோரக் குப்பத்திலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் பெண் அது. பெயர் ரஞ்சிதம். வயது பதினாலு.

அவள் அப்பா பலராமன் துறைமுகத்தில் சலங்குப் படகு தள்ளுகிறவன். கப்பல் தூரத்தில் நிற்கும். மூட்டைகளைப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அம்மா அன்னக்கிளி மீன் விற்கிறவள். அன்னக்கிளிக்கு இடது கால் யானைக்கால். குப்பத்துப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதுபோல அவளால் போக முடியாது. குப்பத்துக்குத் தெற்கே இருந்த சின்னச் சந்தையில், புங்கமரத்து நிழலில், நாலடி இடம் அவளுக்கு உண்டு. காலை நீட்டி ஒரு சாக்கால் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் சங்கராவும் காரப்பொடியும் தீருகிறவரை எழுந்திருக்க மாட்டாள். அந்த நாலடியில்தான் ரஞ்சிதத்தின் பள்ளிக்கூடம் நடந்தது. அம்மா உட்கார்ந்து விற்கிற வரைக்கும் மகள் நடந்து பள்ளிக்கூடம் போகலாம்.

ஐம்பத்தைந்து ஆடியில் தேர்தல் வந்தது. பஞ்சநாதன் சார் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். இதுவரை தன் கையால் வாக்களிக்காத ஒரு பெரியவரை ஒவ்வொருவரும் வாக்குச்சாவடிக்கு அனுப்ப வேண்டும். பிறகு 'என் வீட்டில் மக்களாட்சி' என்று கட்டுரை எழுத வேண்டும். நல்ல கட்டுரைக்குப் பரிசு.

ரஞ்சிதம் வீட்டுக்கு வந்தபோது அன்னக்கிளி விற்காமல் மீந்த கவளை மீனைக் கீறி உப்புத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, நீ இதுவரைக்கும் ஓட்டுப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்னுதான் சொல்றாங்க."

உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்ததிலிருந்து அன்னக்கிளி ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டு வருவதாகப் பதிவேடு சொன்னது. அவளுக்குத்தான் அது தெரியாது. தேர்தலுக்கு முதல் நாள் துறைமுகக் காண்ட்ராக்டர் கலியமூர்த்தியின் ஆள் அம்மாவாசை ஒரு கோணிப்பையோடு வருவான். வீடுவீடாக ஓட்டு அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவான். மறுநாள் குப்பம் மொத்தமும் ஓட்டுப் போட்டுவிட்டு, அதே நேரத்தில் கடலிலும் இருக்கும். அன்னக்கிளியின் செத்துப்போன மாமியார்கூட ஒரு தடவை தவறியதில்லை.

"இந்தத் தடவ நீயே போயிப் போடணும்மா. ஓட்டுங்கிறது ஒன்னோட சொத்து. யாருகிட்டயும் குடுக்கக் கூடாது. யாருக்குப் போட்டேன்னு யாருகிட்டயும் சொல்லவும் கூடாது."

"நகை மாதிரின்னு சொல்லு."

"ஆமா, நகை மாதிரி."

"அப்ப அவசரத்துக்கு அடவு வச்சிக்கலாமா?"

"எம்மா!"

"சரிடி, கோச்சிக்காத. யாருகிட்டயுமே குடுக்கக் கூடாதா? ஒங்கப்பன்கிட்ட?"

"அப்பாகிட்டயும் கூடாது. நாலாம் பாடத்துலயே இருக்கு." புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள்: "வாக்கு என்பது ஒரு குடிமகனின் விலைமதிப்பற்ற உடைமை. அதைப் பிறர் கையில் ஒப்படைத்தல் தனக்குத் தானே செய்துகொள்ளும் துரோகமாகும்."

அன்னக்கிளி உப்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "துரோவம்னு அச்சடிச்சே போட்டிருக்கானா?"

"போட்டிருக்கு."

"அப்ப குடுக்கக் கூடாதுதான்."

வாசலில் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பலராமன் திரும்பிப் பார்த்தான். "பாடத்தப் படிச்சமா, பாஸ் பண்ணமான்னு இரு பாப்பா. கலியமூர்த்தி மொதலாளி நெனச்சா நாளைக்கே என்னப் படகுல ஏத்த மாட்டாரு. இந்தச் சந்தையில எவ எங்க குந்தணும்னு சொல்றதும் அவருதான்."

"அதெல்லாம் வெள்ளக்காரன் காலத்துலப்பா."

"அவரு இன்னும் இங்கதானே இருக்காரு?" என்றான் பலராமன்.

இருந்தார். கலியமூர்த்தி பிரெஞ்சுக் கவர்னருக்கு ரோஜா மாலை போட்டவர். காற்று மாறியதும், கொடி மாறுவதற்குச் சரியாக ஐந்து மாதம் முன்னால், தேசபக்தர் ஆனார். 'வீவ் லா பிரான்ஸ்' என்று கத்திய அதே தொண்டை 'ஜே' போட்டது. நடுவில் ஒரு வாரம் மட்டும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளித்தார் என்று சொல்வார்கள். இப்போது கதர்ச் சட்டையில் அவரே வேட்பாளர். சின்னம் படகு. எதிரே நின்றவர் இராமதாஸ், மில்லில் தறி ஓட்டுகிறவர். அவருக்குக் குடை.

இந்தியத் தேர்தலில் அட்டையை மொத்தமாக வாங்கிக்கொள்ள முடியாது என்பதில் கலியமூர்த்திக்கு முதலில் மனவருத்தம் இருந்தது. ஆளாளுக்குப் போய்ச் சீட்டு வாங்கி, மறைப்புக்குப் பின்னால் வைத்திருக்கும் பெட்டிகளில் போட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். ஆனால் வழி இல்லாத சட்டம் உண்டா? குப்பத்துப் பெண்களிடம் அம்மாவாசை விளக்கினான்.

"எக்கா, எல்லாரும் கேட்டுக்குங்க. உள்ள போனதும் சீட்டு குடுப்பாங்க. மறப்புக்குள்ள போங்க. பொட்டியில போடாதீங்க. இடுப்புல சொருவிக்கிட்டு வெளிய வந்து என் கையில குடுத்துடுங்க. நம்ம ஆளு ஒருத்தன் கடைசியில மொத்தமா கொண்டு போயி நம்ம பொட்டியில போட்டுடுவான். ஒங்களுக்கு எதுக்கு செரமம்?"

"நாங்க போட்டா வுழாதா?" என்றாள் அஞ்சம்மாள் என்ற கிழவி.

"வுழும். எதுல வுழும்னுதான் மொதலாளிக்குக் கவல."

தேர்தலன்று மழை தூறியது. கடல் கலங்கிக் கிடந்ததால் படகு போகவில்லை. குப்பத்துப் பெண்கள் நாற்பது பேர் கூட்டமாகப் போனார்கள். சாவடி ஒரு பள்ளிக்கூடம். தாழ்வாரத்தில் வரிசை. பின்பக்கம் பாதாம் மரத்தடியில் அம்மாவாசை ஒரு தட்டு வெற்றிலையோடு நின்றான். சீட்டுக் கொடுத்தால் வெற்றிலை. நாற்பது பேர் என்று எண்ணி நாற்பது வெற்றிலை கொண்டுவந்திருந்தான். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் மொத்தமாக வந்து மொய்த்தார்கள். கூட்டம் கலைந்ததும் பார்த்தால் தட்டில் ஒரு வெற்றிலை மிச்சம். சீட்டை எண்ணினான். முப்பத்தொன்பது.

யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சீட்டில் பெயரா இருக்கிறது?

அன்னக்கிளி காலை இழுத்துக்கொண்டு நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது ரஞ்சிதம் வாசலில் நின்றாள்.

"போட்டியாம்மா?"

"ஆச்சி."

"அம்மாவாசை மாமன்கிட்ட குடுக்கலையே?"

"குடுக்கல."

"யாருக்கும்மா?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதானேடி சொன்னே?" என்று சொல்லிவிட்டு அன்னக்கிளி ஈரப் புடவையை மாற்ற உள்ளே போனாள்.

ரஞ்சிதத்துக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவ்வளவு சரியாகப் பாடம் படித்திருந்தாள். அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் சுட்ட கருவாடும்தான். இருந்தும் அந்த வீட்டில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதுபோல ஒரு முகம் இருந்தது.

கலியமூர்த்தி எழுநூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு சீட்டு குறைந்ததால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் வெற்றி ஊர்வலம் முடிந்து மாலையைக் கழற்றியதும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். "நாப்பது பேருல ஒருத்திடா. எவ அவ?" அம்மாவாசை தலையைச் சொறிந்தான். இரண்டு மாதம் சொறிந்துகொண்டிருந்தான்.

பதில் பள்ளிக்கூடத்திலிருந்து கிடைத்தது. பரிசளிப்பு விழா, தலைமை விருந்தினர், மக்கள் பிரதிநிதி கலியமூர்த்தி. முதல் பரிசு, ரஞ்சிதத்தின் கட்டுரைக்கு. இரண்டாம் பரிசு கன்னியப்பனுக்கு. அவன் நாலாம் பாடத்தை அப்படியே எழுதி, நடுவில் இரண்டு இடத்தில் 'ஆகா' சேர்த்திருந்தான். பஞ்சநாதன் சார் முப்பத்தேழு கட்டுரைகளிலும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து, கையெழுத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தார். ரஞ்சிதத்தின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

முதல் பரிசுக் கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேறினாள். முதல் பக்கம் மக்களாட்சியின் வரலாறு. கலியமூர்த்தி தூங்கிவிட்டார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் விழித்துக்கொண்டார்.

"...எங்கள் குப்பத்துப் பெண்களிடம், சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவரும்படி கூறப்பட்டது. கொண்டுவந்தவர்களுக்கு வெற்றிலை வழங்கப்பட்டது. நாற்பது பேரில் என் தாயார் மட்டும் தம் வாக்கைப் பிறரிடம் ஒப்படைக்கவில்லை. கால் நோயோடு வரிசையில் நின்று தம் கையாலேயே பெட்டியில் போட்டார். அன்றுதான் எங்கள் வீட்டுக்கு மக்களாட்சி வந்தது."

பஞ்சநாதன் சாரின் வலது கை தானாக நெஞ்சுக்குப் போனது. இந்தத் தடவை அது நாட்டுக்காகப் போகவில்லை.

கலியமூர்த்திதான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பரிசை அவரே எடுத்துக் கொடுத்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் குடிமைப் பயிற்சிப் புத்தகம். மிச்சமிருந்த இருநூறில் ஒன்று.

"நல்லா எழுதியிருக்கே பாப்பா. ஒங்கம்மா பேரு என்னா?" என்று தலையைத் தடவிக் கேட்டார்.

சொன்னாள். பெருமையாகச் சொன்னாள்.

வெள்ளைக்காரன் காலமாக இருந்தால் மறுநாள் காலை கூடையை எட்டி உதைத்திருப்பார்கள். இப்போது மக்களாட்சி, காரணம் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் கழித்து அம்மாவாசை சந்தைக்கு வந்து புங்கமரத்தடியில் குந்தினான்.

"எக்கா, இந்த எடத்துல குழா போடப் போறாங்க."

"என்னா குழா?"

"தண்ணிக் குழா. பொதுஜனத்துக்கு. மொதலாளி முதல் உத்தரவே இதுதான்."

"எங்க எடத்துலதான் தண்ணி வருதாமா? அப்பால தள்ளி எவ்ளோ எடம் கெடக்கு."

"பிளான்ல இங்கதான் புள்ளி வச்சிருக்குது."

அன்னக்கிளி சாக்குக்கு அடியில் இருந்த காலைப் பார்த்தாள். "நான் இந்தக் காலத் தூக்கிக்கிட்டு எங்கடா போவேன், அம்மாவாச? ஒனக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும்க்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு சீட்டுக்கா. ஒரே ஒரு காயிதம். அத என்கிட்ட குடுத்திருந்தா இந்தக் குழா நேரா முனிசிபாலிட்டி மேரி கட்டடத்துக்குப் போயிருக்கும்."

அன்னக்கிளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கூடையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் பலராமன்தான் கத்தினான். அதிகம் பேசாதவன் கத்தினால் என்ன பேசுவது என்று அவனுக்கே தெரியாது. "என் ஓட்ட நான் குடுத்துட்டேன். அதனால என் பொழப்பு ஓடுது. ரெண்டு பேரும் சேர்ந்து நாட்ட நிமித்துறீங்களா? எந்த நாட்ட?" புத்தகத்தை எடுத்து வாசலில் எறிந்தான். பிறகு அவனே போய் மணலைத் தட்டி எடுத்துக்கொண்டுவந்து மாடத்தில் வைத்தான்.

"அவள ஏன் திட்டுற? நான்தானே போனேன்," என்றாள் அன்னக்கிளி.

"மொதலாளி கால்ல போயி வுழுந்து, தெரியாமப் போட்டுட்டேன்னு சொல்லு."

ரஞ்சிதம் நிமிர்ந்தாள். "தெரியாமப் போடலப்பா. தெரிஞ்சிதான் போட்டாங்க. சொல்லும்மா."

அன்னக்கிளி மகளைப் பார்த்தாள். "தெரிஞ்சிதான்," என்றாள்.

பத்து நாள் அவள் கூடையோடு நடந்து பார்த்தாள். பதினோராம் நாள் முத்தியால்பேட்டையைத் தாண்டும்போது கால் வெடித்து நீர் வடிந்து, யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார்கள். காய்ச்சல். மறுநாள் விடியற்காலை ரஞ்சிதம் கரைக்குப் போய் மீன் எடுத்தாள். கூடையைத் தலையில் வைத்துவிட்டது அஞ்சம்மாள் கிழவி. "கழுத்த நேரா வையி. கீழ பாக்காத, பாரம் தெரியும்," என்றாள்.

மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகாததால் பெயரை அடித்துவிட்டார்கள். சான்றிதழ் வாங்க அவள் போனபோது, உப்புநீர் காய்ந்த தாவணியோடு, வகுப்புக்கு வெளியிலேயே நின்றாள். பஞ்சநாதன் சார் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?"

"நீங்க சொன்னதத்தான் சார் பண்ணேன்."

"கட்டுரைன்னா கட்டுரை மாதிரி எழுதணும். நடந்ததையெல்லாம் எழுதுவாங்களா?" அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நாலு பெண்கள். "நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. அஞ்சாம் பாடத்துலேருந்து உனக்கு ஒண்ணுமே நடத்தல."

"அதுல என்னா சார் இருக்கு?"

"நீதிமன்றங்கள்," என்றார். பிறகு அவசரமாக உள்ளே போய்விட்டார்.

நாலு வருஷம் போயிற்று. புங்கமரத்தடியில் குழாய் போட்டிருந்தார்கள். திறப்பு விழாவன்று ஒரு லாரித் தண்ணீரால் ஓடியது. அதற்குப் பிறகு காக்காய்கள் உட்கார வசதியாக இருந்தது. ரஞ்சிதம் காலாப்பட்டு வரைக்கும் போனாள். கழுத்து தடித்துவிட்டது. எந்த ஊரில் எந்த வீட்டில் நெத்திலி கேட்பார்கள், எந்த வீட்டில் வஞ்சிரம் வாங்குவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். படிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. மீன் சுற்றிக் கொடுக்கிற பழைய தாளைச் சுற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பாள்.

ஐம்பத்தொன்பது ஆடியில் மறுபடி தேர்தல் வந்தது. ஒரு மத்தியானம் அவள் வெறுங்கூடையோடு திரும்பியபோது, கலியமூர்த்தியின் ஜீப் ஒலிபெருக்கியோடு குப்பத்துக்குள் வந்துகொண்டிருந்தது. மைக்கில் பேசியது கன்னியப்பன். இரண்டாம் பரிசுக்காரன். "வாக்கு உங்கள் விலைமதிப்பற்ற உடைமை! ஆகா!" என்றான். அவளைப் பார்த்துவிட்டு மைக்கை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் அன்னக்கிளி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய பிஸ்கோத்து டின். அவள் கம்மலும், ரஞ்சிதத்தின் பள்ளிச் சான்றிதழும் இருக்கும் டின் அது.

"வந்துட்டியா? கஞ்சி இருக்குது, குடி. குடிச்சிட்டு இங்க வா."

"என்னாம்மா?"

"ஓட்டு வருதாமே. ஒனக்குப் பேரு வந்திருக்குதா?"

"எனக்குப் பதினெட்டுதான் ஆவுது. இருவத்தொண்ணு ஆவணும்."

"அப்ப இன்னும் மூணு வருசம் வைக்கணுமா? நெறம் மாறுதுடி." அன்னக்கிளி சான்றிதழின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்தாள். ஓரம் பழுத்திருந்தது. எண் இருந்தது, முத்திரை இருந்தது.

ரஞ்சிதம் வாங்கிப் பார்த்தாள். கூடை இடுப்பிலேயே இருந்தது.

"எம்மா, இது..."

"அன்னைக்குக் குடுத்ததுதான்."

"நீ போடலையா?"

"எதுல போடச் சொல்றே? உள்ள ரெண்டு பொட்டி இருந்திச்சி. ஒண்ணுல படகு. அது கலியமூர்த்தியோடது. ஒண்ணுல குடை. அது அந்த மில்லுக்காரனோடது. ரெண்டும் அடுத்தவன் பொட்டிதானே? யாருகிட்டயும் குடுக்கக் கூடாது, குடுத்தா துரோவம்னு நீ படிச்சிக் காட்டினே. ரவிக்கைக்குள்ள வச்சிக்கிட்டு வந்துட்டேன். எனக்கு என்னா தெரியும்? நீ படிச்சி முடிச்சி பெரியவளானா, எங்க வைக்கணுமோ அங்க வைப்பேன்னு பத்திரம் பண்ணேன்."

வெளியே ஜீப் வளைந்து போகிற சத்தம் கேட்டது.

"அப்பவே ஏம்மா சொல்லல? எடம் போனப்ப, அப்பா கத்துனப்ப... இத எடுத்து அம்மாவாசை மாமன் கையில குடுத்திருந்தாகூட..."

"சொல்லியிருப்பேன். சந்தையிலயே வாய் வரைக்கும் வந்திச்சி." அன்னக்கிளி டின் மூடியை முந்தானையால் துடைத்தாள். "நான் போட்டேன்னு நீ எழுதிட்டியே. அத்தன பேரு முன்னால படிச்சி, கைதட்டி, பொஸ்தவம் வேற குடுத்துட்டாங்க. இல்லன்னு சொன்னா ஒன் கட்டுரை பொய்யாயிடும்ல? குடுத்தத திருப்பி வாங்கிக்குவாங்கன்னு பயந்துட்டேன்."

ரஞ்சிதம் கூடையைக் கீழே வைத்தாள். மாடத்தில் அந்தப் புத்தகம் இன்னும் இருந்தது. அதன்மேல் விளக்கு வைத்து வைத்து அட்டையில் ஒரு வட்டம் கறுத்திருந்தது. அன்றைக்கே பெட்டியில் விழாத இந்தச் சீட்டு என்ன ஆகும் என்பதற்கு நாலாம் பாடத்திலேயே விடை உண்டு. பக்கம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி பாக்கறே? செல்லுமா, செல்லாதா? அதச் சொல்லு."

ரஞ்சிதம் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"செல்லும்மா," என்றாள். "ஈரம் படாம வை."